ஐப்பசியில் ஏறிய ஆறு

ஓடுகிறோம். பஷீர் என் தோளில். மெஹர் அவள் அம்மாவின் கையில். காப்பித் தோட்டத்தின் கடைசி வரிசை. அதற்கப்புறம் காடு. காட்டுக்கப்புறம் ஆறு. பின்னால் சுடுகிறார்கள். டப். டப். ஒரு மூச்சு இடைவெளி. பிறகு நீளமாக ஒரே இழுப்பு. சரிவில் லாரி இறங்குகிறது. ஆறு சிலிண்டர் டீசல். அதில் ஒன்று அடிக்கவில்லை. உயிர் போகிற நேரத்தில் அதைக் கேட்டுக்கொண்டே ஓடுகிறேன். மெக்கானிக் புத்தி கபர்க்குழி வரைக்கும் கூட வரும்.

"குனிஞ்சு ஓடுங்க! தலையக் குனியுங்க!"

கத்துவது ஜெய்னப். என் மனைவி. இருபத்தெட்டு வயது. ஒரு காலில் செருப்பு இல்லை. மெஹருக்கு ஏழு வயது. அழவில்லை. பஷீருக்கு நாலு. என் காதுக்குப் பக்கத்தில் லாரி மாதிரி உறுமிக் காட்டுகிறான். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டான், என் தங்கம்.

1964. ஆடி முடிய நாலைந்து நாள். சாயங்காலம் நாலு மணி இருக்கும். இடம் காங்கோ நாடு. ஆற்றின் பெயர் அருவிமி. அரசாங்கப் படை ஒரு பக்கம், கிளர்ச்சிக்காரர்கள் ஒரு பக்கம். எங்களைச் சுட்டது யார் என்று அன்றைக்கும் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. நின்று கேட்கவா முடியும்?

கரையில் லோம்பே காத்திருந்தான். மீன் பிடிக்கிறவன். தோட்டத்துக்கு மீன் கொண்டு வந்து பழக்கம். ஒரே மரத்தைக் குடைந்த வள்ளம் அவனுடையது. எங்கள் நாலு பேரையும் அதில் படுக்கச் சொன்னான். மேலே வலையைப் போட்டான். வலையில் மீன் நாற்றம். வள்ளம் நகர்ந்தது. கரையில் இன்னொரு தடவை நீளமாகச் சுட்டார்கள். தண்ணீரில் குண்டு விழுந்தால் கொதிக்கிற எண்ணெயில் ஈரக்கை பட்ட மாதிரி ஒரு சத்தம். ஆறு தடவை கேட்டேன். பஷீர் உறுமுவதை நிறுத்திவிட்டான்.

ஆற்றின் நடுவில் ஒரு தீவு. அதில்தான் லோம்பே எங்களை இறக்கிவிட்டான். உயிர் பிழைத்தோம் என்று நினைத்தேன். மணலில் விழுந்து அல்லாவுக்கு ஷுக்ரு செய்தேன்.

இதை எழுதுவது கடத்தூரில். 1986. இங்கே ஆயில் இன்ஜின், மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஊரில் என்னை இன்ஜின் பாய் என்பார்கள். என் மனைவியையும் மகனையும் ஆப்பிரிக்காவில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று இந்த ஜில்லாவில் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். நான் சொல்லித்தான் தெரியும்.

அது பொய்.

இருபத்திரண்டு வருஷம் அந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது ஏன் உண்மைக்கு வந்தேன் என்றால், மெஹர் காரணம். மெஹருன்னிசா இப்போது டீச்சர். பூகோளம் நடத்துகிறாள். இருபத்தொன்பது வயது. கலியாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். போன மாதம் பம்புசெட்டு ரிப்பேருக்கு வந்த ஒரு விவசாயி பேச்சுவாக்கில் சொன்னார்.

"உங்க பொண்ணு நல்லா பாடம் எடுக்கறாங்களாம் பாய். எம்மவன் சொல்றான். ஆனா ஆப்பிரிக்கா பாடத்துல காங்கோ ஆறுன்னு ஒரு பக்கம் வருதாமே, அத மட்டும் நீங்களே வூட்ல படிச்சுக்கங்கன்னு உட்டுட்டாங்களாம். வருசா வருசம் அப்படித்தானாம். ஏனுங்க?"

கையில் ஸ்பானர் இருந்தது. கீழே வைத்தேன். என் மகள் எதை நினைத்து அந்தப் பக்கத்தைத் தாண்டுகிறாள்? துப்பாக்கியை நினைத்தா? அன்றைக்கு அவளுக்கு ஏழு வயது. எவ்வளவு ஞாபகம் இருக்கும்? அவளிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. அவளும் பேசியதில்லை. அன்று சாயங்காலம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். அவள் அம்மா எப்படிச் செத்தாள் என்று அவளுக்கு நான் சொல்லியாக வேண்டும். என் வாயால் முடியாது. அதனால் எழுதுகிறேன்.

அவள் நடத்தாத பாடத்திலிருந்து தொடங்குகிறேன்.

அந்த ஆறு கிழக்கே மேட்டு நிலத்தில் பிறக்கிறது. பக்கத்திலேயே ஆல்பர்ட் ஏரி. ஏரித் தண்ணீர் நைலுக்குப் போகிறது. இது ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே திரும்பிவிடுகிறது. மேல் பாதியில் அதற்கு இத்தூரி என்று பெயர். கீழே வர வர அருவிமி. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவும் காடு. நடுப்பகலிலும் தரையில் வெயில் விழாத காடு. இலை ஊறி ஊறித் தண்ணீர் டிக்காஷன் நிறம். யம்புயா என்ற ஊர் வரைக்கும் பாறையும் பாய்ச்சலும். படகு ஏறாது. அதற்குக் கீழே அகலமாகி அடங்கிப் போகும். பாசோகோவில் காங்கோவோடு சேர்ந்துவிடும். எங்கள் தோட்டம் யம்புயாவுக்குக் கீழே இருந்தது.

ஆற்றின் கதை நல்ல கதை இல்லை. முதலில் கிழக்கேயிருந்து துப்பாக்கியோடு வந்தார்கள். யானைத் தந்தத்தையும் ஆட்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு வெள்ளைக்காரப் பயணி வந்தான். யம்புயாவில் தன் ஆட்களில் ஒரு கூட்டத்தை விட்டுவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டான். அவன் வருவான் வருவான் என்று காத்திருந்து பசியிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் பாதிக்கு மேல். பிறகு ரப்பர் வந்தது. கேட்ட அளவு ரப்பர் வராவிட்டால் கையை வெட்டினார்கள். லோம்பேயின் பாட்டனுக்கு வலது கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. அதற்கப்புறம்தான் காப்பி, பனையெண்ணெய், சுதந்திரம், கலகம்.

இதெல்லாம் லோம்பே சொன்னது. கூடவே இன்னொன்றும் சொன்னான். ஒவ்வொரு தடவையும் ஆற்றுக்காரர்கள் எப்படி உயிர் பிழைத்தார்கள் என்று. தண்ணீர் இறங்குகிற காலத்தில் துப்பாக்கி வந்தால் தீவுக்கு ஓடு. தண்ணீர் ஏறுகிற காலத்தில் வந்தால் காட்டுக்கு ஓடு. இதை மாற்றிச் செய்தவன் எவனும் கதை சொல்லத் திரும்பியதில்லை. எங்களைத் தீவில் விட்டபோதே சொன்னான். இது சில நாளைக்குத்தான், தண்ணீர் ஏறுவதற்குள் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். நான் தலையாட்டினேன். காதில் வாங்கவில்லை.

ஏனென்றால் எனக்கு ஆறு தெரியும். அப்படி நினைத்தேன். நான் பென்னாகரத்துக்காரன். என் அத்தா தோல் வியாபாரி. ஒகேனக்கல் பரிசல்காரர்களுக்கு மாட்டுத்தோல் கொடுப்பார். பரிசலுக்குத் தோல் தைத்தும் கொடுப்பார். நான் நடக்கப் பழகியதே காவேரிக் கரையில். ஆனியில் தண்ணீர் நிறம் மாறும். ஆடியில் பாறை எல்லாம் மூழ்கும். ஆவணி தாண்டினால் வடியும். மார்கழியில் பாறையில் துணி காயப்போடலாம். இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பசி எடுப்பதை யாராவது சொல்லிக்கொடுப்பார்களா?

1956-ல் கலியாணமாகி ஜெய்னப்போடு கம்பாலா போனேன். பஞ்சு அரைக்கிற மில்லில் இன்ஜின் வேலை. இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள். காங்கோ சுதந்திரம் வாங்கியதும் வெள்ளைக்கார மெக்கானிக்குகள் கிளம்பிவிட்டார்கள். ஒரு குஜராத்தி முதலாளி தன் காப்பித் தோட்டத்துக்கு ஆள் தேடினார். 1961-ல் போனேன். காப்பி உடைக்கிற மிஷின் ஒன்று, படகு மோட்டார் ஒன்று. ராஜா மாதிரி இருந்தேன். காங்கோவிலும் நான் தமிழ் மாதம்தான் எண்ணினேன். ஜெய்னப் கேலி செய்வாள்.

"காவேரி உங்க மூத்த சம்சாரம். அவ சொன்னா சரியா இருக்கும். நான் ரெண்டாந்தாரம்தானுங்களே."

தீவுக்கு வருகிறேன். நீளம் நூற்றைம்பது அடி தேறும். மேற்கு முனையில் மணல். நடுவில் பதினேழு மரம். மீன்காரர்கள் கட்டிய ஒரு குடிசை. லோம்பே வாரத்துக்கு ஒரு தடவை வருவான். மரவள்ளி மாவு, வாழைக்காய், உப்பு. வள்ளத்தைத் தீவில் விட்டால் கரையிலிருந்து தெரியும். அதனால் விடமாட்டான். பகலில் தீ மூட்டக்கூடாது. பிள்ளைகள் சத்தம் போடக்கூடாது. பஷீர் கிசுகிசுவென்று லாரி ஓட்டினான்.

மரங்களில் என் தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் சேற்றுக் கோடு இருந்தது. பதினேழிலும் ஒரே மட்டத்தில். முதல் நாளே பார்த்தேன். மெஹர் தொட்டுக் காட்டினாள். அது எப்போதோ ஒரு பெரிய வெள்ளத்தில் வந்தது என்றேன். தலைமுறைக்கு ஒன்று அப்படி வரும் என்றேன். கண்ணெதிரே எழுதி வைத்த மாதிரி இருந்தது. படிக்கவில்லை.

ஆவணி. தண்ணீர் கொஞ்சம் ஏறியது. மணலில் குச்சி நட்டேன். அளந்தேன். இது ஆடி வெள்ளத்தின் மிச்சம் என்றேன். புரட்டாசி. இரண்டு வாரம் தண்ணீர் இறங்கியது. நாலு விரல். பிறகு இன்னும் இரண்டு விரல். எனக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டும். ஜெய்னப்பைக் கூப்பிட்டுக் குச்சியைக் காட்டினேன். ஆறு எங்கே ஓடினாலும் ஆறுதான் என்றேன். அட முட்டாளே என்று இப்போது கத்தத் தோன்றுகிறது. அது பூமியின் நடுக்கோட்டை ஒட்டின ஊர். மழை வருஷத்தில் இரண்டு தடவை. இரண்டாவதுதான் பெரியது. அது புரட்டாசியில் கிளம்பி ஐப்பசி, கார்த்திகையில் உச்சிக்கு வரும். மெஹரின் பூகோளப் புத்தகத்தில் மூன்று வரியில் போட்டிருக்கிறான்.

புரட்டாசியில் கரையில் எட்டு நாள் சண்டை. தினமும் காலை பத்துக்குத் தொடங்கும். பெரிய குண்டு விழுந்தால் முதலில் நெஞ்சில் இடிக்கும், பிறகுதான் காதுக்கு வரும். ஒன்பதாம் நாள் ஒரு சத்தமும் இல்லை. அதுதான் எல்லாவற்றையும் விட பயமாக இருந்தது. லோம்பே வந்தான். ஊரில் ஆட்களைச் சுவரோரம் நிறுத்துகிறார்கள் என்றான். வெளிநாட்டுக்காரர்களைத் தேடுகிறார்கள் என்றான். அதனால்தான் தீவு எனக்குக் கோட்டை மாதிரி தெரிந்தது. அதையும் எழுத வேண்டும். லோம்பே காட்டுக்குக் கூப்பிட்ட போதெல்லாம் அடுத்த வாரம் என்றேன். பயம் பாதி. என் அகம்பாவம் பாதி.

சும்மா இருக்க முடியாமல் ஒரு பரிசல் முடைந்தேன். காட்டில் பிரம்புக்குப் பஞ்சமில்லை, லோம்பே கொண்டுவந்தான். தோல் இல்லை. தோட்டத்திலிருந்து அவன் எடுத்து வந்த, காப்பி காயவைக்கிற தார்ப்பாயைக் கட்டினேன். மரப்பிசினைக் காய்ச்சி ஓட்டையை அடைத்தேன். லோம்பே சுற்றிச் சுற்றிப் பார்த்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கூடை என்றான். இந்த ஆற்றில் கட்டை வரும், கட்டைக்கு முன்னால் துணி நிற்காது என்றான். உனக்கென்னப்பா தெரியும் என்று நான் தமிழில் சொன்னேன்.

ஐப்பசி. வெள்ளிக்கிழமை.

விடிந்ததும் குச்சியைப் பார்க்கிறேன். இல்லை. மணலும் இல்லை. காலை ஏழு மணிக்கு லோம்பே வருகிறான். வாரம் முடியவில்லை, வந்துவிட்டான். மூச்சு வாங்குகிறது. மேலே மூன்று நாளாக மழை என்கிறான். இப்போதே வா என்கிறான். அவன் மனைவியின் மரவள்ளித் தோட்டம் காட்டுக்குள் ஒரு நாள் நடை. துப்பாக்கிக்காரர்கள் அங்கே வரமாட்டார்கள். நாலு பேருக்கும் வள்ளத்தில் இடம் இருக்கிறது. இடம் இருந்தது. அதை எழுதிவிட்டேன்.

நான் வரவில்லை என்றேன். கரையில் லாரி நிற்கிற சத்தம் எனக்குக் கேட்டது. மழை ஒரு வீச்சு, சாயங்காலம் வடிந்துவிடும் என்றேன். ஐப்பசியில் ஆறு இப்படித்தான் கொஞ்சம் காட்டிவிட்டு இறங்கும் என்றேன். எந்த ஆறு? எங்கள் ஊர் ஆறு. லோம்பே பிள்ளைகளையாவது கொடு என்றான். ஜெய்னப் மெஹரின் துணியை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"அவன் ஆத்துலயே பொறந்தவன். அவன் சொல்றதக் கேளுங்க. உங்க கால்ல வேணாலும் விழறேன்."

"நான் மட்டும் என்ன மலையிலயா பொறந்தேன்? மூட்டையக் கீழ வை!"

மூட்டையைக் கீழே வைத்தாள். லோம்பே என்னைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். நாளைக்கு மறுபடி வள்ளத்தோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். ஜெய்னப் அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. அந்த மூட்டையைக் கீழே வை என்பதுதான் நான் அவளிடம் கடைசியாக நிதானமாகச் சொன்ன வார்த்தை. நிதானமா அது? இல்லை.

பகல் ஒரு மணி. லுஹர் தொழுகை. இரண்டாவது ரக்அத்தில் குனிந்து நெற்றி வைத்த இடம் ஈரம். மூன்றாவதில் பாய் மிதந்தது. முடிக்காமல் எழுந்தேன். ஆற்றின் சத்தம் மாறியிருந்தது. அதுவரைக்கும் சலசலப்பு. இப்போது லோடு ஏற்றின இன்ஜின் மேட்டில் ஏறுகிற முக்கல். ஒரே சீராக. தண்ணீர் குடிசைக்குள் வந்தது. அரைமணியில் என் முழங்கால். இரண்டு மணிக்கு மெஹரின் நெஞ்சு. மரத்தில் ஏற்றலாம் என்று பார்த்தேன். கிழக்கு முனையில் மரம் வேரோடு சாய்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

"பரிசல்ல ஏறு! ஏறும்மா! பஷீரத் தூக்கு!"

ஏறினோம். நாலு பேர். பரிசல் சுற்றியது. ஒகேனக்கல்லில் பரிசல் சுற்றினால் சிரிப்பார்கள். தண்ணீர் முழுக்கக் கட்டை. முழு மரங்கள். ஒன்று இடித்தது. தாங்கியது. இரண்டாவது தார்ப்பாயில் கிளையை விட்டுக் கிழித்துக்கொண்டு போனது. லோம்பே சொன்னது நடந்தது. பரிசல் காலுக்குக் கீழே காணாமல் போனது. ஜெய்னப்பின் பச்சைப் புடவை தெரிந்தது. பிறகு இல்லை. என் இடது கை ஒரு மரக்கிளையில் இருந்தது. வலது கையில் மெஹரின் சடை சிக்கியது. இழுத்தேன். கிளையோடு போனோம். எவ்வளவு தூரம் என்று தெரியாது. பஷீரை நான் பார்க்கவே இல்லை. அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். ஜெய்னப் பெயரையும். பதிலுக்கு ஆறுதான்.

பொழுது சாய்வதற்கு முன் லோம்பே எங்களைக் கண்டுபிடித்தான். நாளைக்கு என்று சொன்னவன் அன்றைக்கே தேடி வந்திருந்தான். இரண்டு கரையிலும் துப்பாக்கி இருந்தது, அப்படியும் வந்தான். காட்டுக்குள் கொண்டுபோனான். மூன்றாம் நாள் ஜெய்னப் கிடைத்தாள். ஐந்து மைல் கீழே. குழி வெட்டினான். இறந்தவர்களுக்கான ஜனாஸாத் தொழுகையை நான் ஒருவனே தொழுதேன். பஷீர் கிடைக்கவில்லை. லோம்பே ஐந்து நாள் தேடினான். கார்த்திகையில் அரசாங்கப் படை வந்தது. எங்களை ஒரு விமானத்தில் ஏற்றினார்கள். ஜன்னல் வழியாக ஆறு தெரிந்தது. அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

கம்பாலாவில் ஒரு ஆபீஸ். மேசைக்குப் பின்னால் ஒருவர். படிவம். மனைவி எப்படி இறந்தார்? மகன் எப்படி? என் வாய் சொன்னது: சுட்டுவிட்டார்கள். அவர் எழுதிக்கொண்டார். தலையைக் குனிந்து அனுதாபம் சொன்னார். மெஹர் என் பக்கத்தில் நின்றாள். என் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. தர்மபுரியில் ஜமாத்திலும் அதையே சொன்னேன். ஜெய்னப்பின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தப் பாவிகள் கை விளங்காமல் போகட்டும் என்றார். ஆமீன் சொன்னேன். சொன்னேன், அல்லாவே, அதையும் சொன்னேன்.

இவ்வளவுதான் எழுதியிருந்தேன். கடைசியில் நான் இழந்தது மூன்று பேர் என்று எண்ணிக்கை போட்டு முடித்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை நோட்டை மெஹரிடம் கொடுத்தேன். கடைக்கு வந்து ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டேன். மாட்டத் தெரியவில்லை. பதினோரு மணிக்குக் கடைக்கே வந்துவிட்டாள். நோட்டு கையில். ஸ்டூலில் உட்கார்ந்தாள். காறித் துப்புவாள் என்று நினைத்தேன். துப்பட்டும் என்று நினைத்தேன்.

"அத்தா, இதுல ஒண்ணு இல்லையே."

"எது?"

"பரிசல் கிழியறதுக்கு முன்னாடி தம்பி கையப் புடிச்சு என் கையில குடுத்தீங்க. 'உடாத பாப்பா, என்ன ஆனாலும் உடாத'ன்னு சத்தம் போட்டீங்க. அது இதுல இல்லையே."

எனக்கு ஞாபகம் இல்லை. சத்தியமாக இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. துப்பாக்கிச் சத்தத்தை எல்லாம் எண்ணி வைத்திருக்கிற இந்தக் காதில் என் சொந்தக் குரல் இல்லை.

"தண்ணிக்குள்ள போயும் புடிச்சிருந்தேன் அத்தா. அவனும் புடிச்சிருந்தான். நீங்க சடையப் புடிச்சு இழுத்தீங்க. மேல வந்தேன். பயத்துல ரெண்டு கையாலயும் உங்களக் கட்டிக்கிட்டேன். ரெண்டு கையாலயும்."

தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சுண்ணாம்புக்கட்டி பிடித்துப் பழகின கைகள். நான் மோட்டாரை ஓரமாகத் தள்ளினேன்.

"கம்பாலா ஆபீஸ்ல சுட்டுட்டாங்கன்னு சொன்னீங்கல்ல. எனக்குப் புரிஞ்சுது. நான் கைய உட்டது யாருக்கும் தெரியக்கூடாதுன்னு எனக்காகப் பொய் சொல்றீங்கன்னு. அதான் வாயத் தொறக்கல. நீங்க காப்பாத்திக் குடுத்தத நான் கெடுக்கக்கூடாதுல்ல."

"ஏம்மா, உனக்கு ஏழு வயசும்மா."

"தெரியும் அத்தா. ஏழாங்கிளாஸ் புள்ளைங்களையே பாக்கறேன், எவ்வளவு சின்னதா இருக்குதுங்கன்னு. ஆனா ஒவ்வொரு வருசமும் அந்தப் பக்கம் வந்தா கைதான் சாக்பீஸக் கீழ வெச்சுருது."

அழுதேன். கடையில் வாடிக்கையாளர் இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே அழுதேன். பேர் கெட்டுவிடும் என்று என் ஒருவனைக் காப்பாற்ற நான் சொன்ன பொய். அதைத் தனக்கு என்று எடுத்துக்கொண்டு ஒரு ஏழு வயசுப் பிள்ளை வாயை மூடிக்கொண்டது. நான் பக்கத்து அறையில் தூங்கினேன். இருபத்திரண்டு வருஷம் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், உனக்கு என்னம்மா ஞாபகம் இருக்கிறது என்று கேட்டிருந்தால்?

மெஹர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை என் முன்னால் வைத்தாள். இதையும் எழுதுங்க அத்தா என்றாள். எழுதிவிட்டேன். இனி எண்ணிக்கை.

ஜெய்னப். இருபத்தெட்டு வயது. அருவிமி ஆற்றின் வடகரையில், யம்புயாவுக்குக் கீழே, ஒரு பனைமரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறாள். அவளைக் கொன்றது ஆறு இல்லை, துப்பாக்கி இல்லை. அவள் கட்டின மூட்டையை நான் கீழே வைக்கச் சொன்னது.

பஷீர். நாலு வயது. உடல் இல்லை. கபர் இல்லை. போட்டோவும் இல்லை.

லோம்பே. வயது தெரியாது. கம்பாலாவிலிருந்து ஆள் விட்டுக் கேட்டேன். அந்த ஊரே இல்லை என்று சொன்னார்கள். எங்களை விமானத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத் தன் ஊருக்குத் திரும்பியவன்.

ஒரு குடிசை. ஒரு பரிசல். தோட்டத்தில் விட்டு வந்த ஒரு பெட்டி டூல்ஸ். இதெல்லாம் போகட்டும்.

மெஹருன்னிசா. என் மகள். ஏழு வயதிலிருந்து இருபத்தொன்பது வயது வரைக்கும்.

மூன்று பேர் என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு நாலு என்று எழுதுகிறேன்.